குறைந்த விலை போனுக்குப் பொருத்தமான சார்ஜர், சரியான சார்ஜ்: டெல்டா வீடுகளுக்கு முழு வழிகாட்டி

போன் சார்ஜ் ஏற நான்கு மணி நேரம் ஆகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. அடுத்து போனின் சார்ஜ் பின்னை, அதாவது கேபிள் சொருகும் வாயை. அதற்கு அடுத்து சார்ஜரை. பேட்டரி கடைசியில்தான் வரவேண்டும். செலவும் இதே வரிசையில்தான் கூடுகிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் வரிசை தலைகீழாக நடக்கிறது: பேட்டரியை மாற்றிவிட்டு, பழைய கேபிளையே மறுபடியும் சொருகுகிறார்கள். சார்ஜ் அதே வேகத்தில்தான் ஏறுகிறது.

பத்தாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட போன்தான் இன்று டெல்டாவில் பாதி வேலையைச் செய்கிறது. மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பது, மழை வருமா என்று பார்த்து நெல்லை மூடுவது, வங்கியிலிருந்து வரும் ஓடிபி, மோட்டாரை வீட்டிலிருந்தே போடும் மொபைல் ஸ்டார்ட்டர் எல்லாமே அதில்தான். இன்னொரு பக்கம் சித்திரை வெயில், ஐப்பசி மழை, கடலோர உப்புக் காற்று, அறுவடைத் தூசு என்று போனைக் கெடுப்பதற்கான எல்லாமும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் நேரம் குறித்துப் பாருங்கள்

கருவி எதுவும் வேண்டாம். கடிகாரம் போதும். போன் 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை பயன்படுத்துங்கள். சார்ஜ் போட்டு, திரையை அணைத்து, யாரும் எடுக்காத இடத்தில் வையுங்கள். 20 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வர எத்தனை நிமிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் 20 முதல் 50 வரை? நெல் மூட்டை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோணி பாதி நிறையும்வரை மரக்கால் மரக்காலாகக் கொட்டலாம். வாய்க்கட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் குலுக்கிக் குலுக்கி, கைப்பிடி கைப்பிடியாகத்தான் போட முடியும். லித்தியம் பேட்டரியும் அப்படித்தான் நிறைகிறது. முதல் பாதியில் முழு வேகம், 80 சதவீதத்துக்கு மேல் போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் கடைசி 20 சதவீதத்தை வைத்துச் சார்ஜரை எடைபோட முடியாது.

5000 எம்.ஏ.எச். பேட்டரி என்றால் அதன் மொத்தக் கொள்ளளவு சுமார் 19 வாட்-மணி. அதில் 30 சதவீதம் ஏற, சூடாக வீணாவதையும் சேர்த்து, ஆகக்கூடிய நேரம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: 5 வாட் சார்ஜரில் 80 நிமிடம், 10 வாட்டில் 40 நிமிடம், 18 வாட்டில் 23 முதல் 25 நிமிடம், 33 வாட்டில் கால் மணி நேரம். உங்கள் போன் 18 வாட் ஏற்கக்கூடியது, சார்ஜரும் 18 வாட், ஆனால் கடிகாரம் 40 நிமிடம் காட்டுகிறது என்றால், இரண்டும் ஒத்துப் பேசவில்லை. சாதாரண 10 வாட்டில்தான் ஏறுகிறது. 80 நிமிடத்தைத் தாண்டினால் கேபிளோ பின்னோ பழுது.

இந்த எண்ணை ஒரு காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது. ஆறு மாதம் கழித்து "முன்ன மாதிரி ஏறல" என்று தோன்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் ஆதாரம்.

சார்ஜரின் முதுகில் எழுதியிருப்பது

சார்ஜரைத் திருப்பினால் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கும். இன்புட் என்ற வரியில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கவேண்டும். அவுட்புட் என்ற வரிதான் முக்கியம். வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கினால் வாட். 5 வோல்ட் 2 ஆம்ப் என்றால் 10 வாட். 9 வோல்ட் 2 ஆம்ப் என்றால் 18 வாட். 11 வோல்ட் 3 ஆம்ப் என்றால் 33 வாட்.

"சார்ஜர் வாட் அதிகமானால் போன் வெடித்துவிடும்" என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஒழுங்காகச் செய்த சார்ஜரில் இந்தப் பயத்துக்கு இடமில்லை. எந்த வேக சார்ஜரும் முதலில் 5 வோல்ட்தான் தரும். போன் கேட்டால்தான் 9 வோல்ட்டுக்கு ஏறும். ஆம்ப் என்பது சார்ஜர் திணிப்பது அல்ல, போன் இழுத்துக்கொள்வது. 18 வாட் போனில் 65 வாட் சார்ஜரைச் சொருகினாலும் போன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும்.

இந்தக் கேட்டு வாங்கும் முறைதான் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். போனும் சார்ஜரும் ஒரே பாஷை பேசவேண்டும். பாஷை தெரியாவிட்டால் இரண்டும் 5 வோல்ட்டில் சமாதானமாகிவிடும். 67 வாட் என்று பெரிதாக எழுதிய சார்ஜரில் போன் ஆமை வேகத்தில் ஏறுவது இதனால்தான். சார்ஜரும் நல்லது, போனும் நல்லது, பாஷைதான் வேறு.

எந்த போனுக்கு எந்த பாஷை

பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பவர் டெலிவரி பொதுப் பாஷை. டைப்-சி வாய் உள்ள சார்ஜர்களில் இருக்கும். 5, 9, 15, 20 வோல்ட் என்று படிகளாகத் தரும். அதன் ஒரு பிரிவு பி.பி.எஸ்.; அது வோல்ட்டைப் பொடிப்பொடியாகக் கூட்டிக் குறைத்துத் தரும். சாம்சங்கின் ஏ, எம், எஃப் வரிசைகளில் 25 வாட் ஏற்கும் போன்களுக்கு இந்த பி.பி.எஸ். வேண்டும். பெட்டிக்குள் சார்ஜர் வராத போன்களில் சாம்சங் முக்கியமானது என்பதால் கடையில் "25 வாட் பி.டி., பி.பி.எஸ். இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். 25 வாட் என்று மட்டும் கேட்டால் வேறெதையாவது தருவார்கள். மோட்டோரோலாவின் பல போன்களும் பி.டி.யில் நல்ல வேகத்தில் ஏறும்.

குவிக் சார்ஜ் என்பது குவால்காம் நிறுவனத்தின் பாஷை. பழைய 18 வாட் ரெட்மி போன்கள் பலவற்றுக்கு இது பொருந்தும். தட்டையான பழைய யூஎஸ்பி வாய் உள்ள சார்ஜர்களில் இதைப் பார்க்கலாம்.

ரியல்மி, ஓப்போ, ஒன்பிளஸ் ஆகியவை சூப்பர்வூக் என்ற தனிப் பாஷை பேசுபவை. விவோவுக்கு ஃபிளாஷ்சார்ஜ். 33 வாட்டும் அதற்கு மேலும் உள்ள ரெட்மி, போக்கோ போன்களும் முழு வேகத்துக்குத் தங்கள் சார்ஜரைத்தான் எதிர்பார்க்கும். இந்த வகைப் போன்களில் பொது பி.டி. சார்ஜரைப் போட்டால் சார்ஜ் ஏறும், ஆனால் பெட்டியில் எழுதிய வேகம் வராது. இவற்றின் சார்ஜர் தொலைந்துபோனால் அதே நிறுவனத்தின் சார்ஜரையும் கேபிளையும் ஜோடியாக வாங்குவதே சரி. ஒரு வீட்டில் சாம்சங் ஒன்று, ரியல்மி ஒன்று, விவோ ஒன்று இருந்தால் ஒரே சார்ஜரால் எல்லோருக்கும் முழு வேகம் கொடுக்க முடியாது. இரவில் ஏற்றிக்கொள்ளப் பொது பி.டி. சார்ஜர் ஒன்று, அவசரத்துக்கு அவரவர் சார்ஜர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று வாய் உள்ள சார்ஜரில் இன்னொரு சிக்கல். தனியாக ஒரு போன் போட்டிருக்கும்போது 33 வாட் வரும். இரண்டாவது போனைச் சொருகியதும் வாட் பங்கு பிரிந்து இரண்டுமே மெதுவாகும். டிவியின் யூஎஸ்பி வாய் பெரும்பாலும் அரை ஆம்ப்தான் தரும். அதில் போனைப் போடுவது நேரக்கேடு.

டைப்-சி வாய் வைத்த மலிவு டார்ச், நெக்பேண்ட், கையடக்க விசிறி இவற்றில் சில, இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் ஏறவே ஏறாது. பொருள் கெட்டுப்போகவில்லை. உள்ளே வைக்கவேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரைச் செலவு மிச்சம் பிடிக்க விட்டிருப்பார்கள். ஒரு முனை பழைய தட்டை யூஎஸ்பியாக உள்ள கேபிளில் போட்டால் ஏறிவிடும்.

கேபிள்

தலைமடையில் மதகு முழுசாகத் திறந்திருந்தாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. இதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சார்ஜர் தலைமடை, போன் கடைமடை, நடுவில் இருக்கும் கேபிள்தான் வாய்க்கால்.

கேபிளுக்குள் ஓடும் செம்புக் கம்பியின் கனத்தை ஒரு எண்ணால் சொல்வார்கள், ஏ.டபிள்யூ.ஜி. என்று. எண் குறையக் குறையக் கம்பி தடிமன். மலிவு கேபிளில் 28 எண் கம்பி இருக்கும். அந்தக் கம்பியில் ஒரு மீட்டர் நீளக் கேபிளில் 2 ஆம்ப் ஓடினால், போக வர இரண்டு கம்பியிலும் சேர்த்து 0.85 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 5 வோல்ட் கிளம்பி 4.15 வோல்ட்தான் போய்ச் சேரும். அது போதாது என்று போன் தானாகவே ஆம்பைக் குறைத்துக்கொள்ளும். அதே கம்பி 2 மீட்டர் நீளம் என்றால் ஒரு ஆம்ப்கூட ஒழுங்காக வராது. 24 எண் கம்பியில் ஒரு மீட்டருக்கு இழப்பு 0.34 வோல்ட்தான். கட்டிலில் படுத்துக்கொண்டே பார்க்க வசதியாக இருக்கும் என்று வாங்கும் மூன்று மீட்டர் கேபிள்தான் பல வீடுகளில் மெதுவாக ஏறுவதற்குக் காரணம்.

வாங்கும்போது: ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். அட்டையில் 3 ஆம்ப் என்று இருக்கவேண்டும். இரண்டு முனைகளிலும் கேபிள் பிளாஸ்டிக் தலைக்குள் நுழையும் இடத்தை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். அங்கே ஒரு ரப்பர் கழுத்து இருந்து சேர்ந்து வளைந்தால் நல்லது. கேபிள் தலைக்குள்ளேயே நெளிந்தால் மூன்று மாதத்தில் அங்கேதான் உடையும். துணி பின்னிய உறை அழகுக்குத்தான், உள்ளே இருக்கும் கம்பியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சூப்பர்வூக் போன்களுக்கு அந்தப் பாஷைக்கென்று செய்த கேபிளே வேண்டும். சாதாரணக் கேபிளைப் போட்டால் அசல் சார்ஜரிலும் வேகம் விழுந்துவிடும்.

பழைய கேபிள் சரியா என்று பார்க்க, 20 முதல் 50 சோதனையை வேறொரு நல்ல கேபிளில் செய்து பாருங்கள். நேரம் பாதியாகக் குறைந்தால் பழையது குப்பைக்கு. சார்ஜ் ஏறும்போது கேபிளின் தலை தொட முடியாத அளவு சுட்டாலும் அப்படியே. இன்சுலேஷன் டேப் சுற்றிக் காலம் ஓட்டுவதில் மிச்சப்படுவது நூறு ரூபாய், பணயம் வைப்பது போனை.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது

கடைத்தெருவில் 80, 100 ரூபாய்க்கு 65 வாட் என்று எழுதித் தொங்கும் சார்ஜர்களில் வேகம் வராதது சின்னக் குறை. பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கமும் போனுக்குப் போகும் 5 வோல்ட் பக்கமும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவில் தேவையான இடைவெளியும், சரியாகக் காப்பிட்ட டிரான்ஸ்பார்மரும் இருக்கவேண்டும். போலியில் இந்த இடைவெளியைத்தான் முதலில் குறைப்பார்கள். மழைநாளில் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று, சார்ஜில் இருக்கும் போனைக் காதில் வைத்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் விற்கும் மொபைல் சார்ஜருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸின் கட்டாயப் பதிவு வேண்டும். சார்ஜரின் முதுகில் அந்த முத்திரையும், ஐ.எஸ். எண்ணும் (பலவற்றில் 13252 என்று இருக்கும்), ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்கும். அச்சு இருந்தால் மட்டும் போதாது, போலியும் அதை அச்சிடும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசின் செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். அதில் பதிவு எண்ணைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எட்டு இலக்கத்தைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பிராண்ட், என்ன பொருள் என்று வரும். சார்ஜர் என்று கையில் இருப்பதற்கு எல்.ஈ.டி. விளக்கு என்று பதில் வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை இது.

எடையும் ஒரு சாட்சி. அதே வாட் உள்ள அசல் சார்ஜரையும் இதையும் இரண்டு கையில் வைத்துப் பாருங்கள்; காலி டப்பா போல இருப்பதை வாங்காதீர்கள். அச்சில் எழுத்துப்பிழை, பிளக் முள் ஆடுவது, மேலோட்டின் இரண்டு பாதியும் ஒட்டாமல் இடைவெளி தெரிவது எல்லாமே விலக வேண்டிய அறிகுறிகள்.

லோ வோல்டேஜும் நியூட்ரலும்

"சாயங்காலம் லோ வோல்டேஜ், அதான் சார்ஜ் ஏறல" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது வீட்டில் 160, 170 வோல்ட்டுக்கு இறங்குவது உண்மைதான்; மின்விசிறி தவழும். ஆனால் நல்ல சார்ஜர் 100 வோல்ட் வரை சமாளிக்கும். 160 வோல்ட்டிலும் அது போனுக்கு அதே 9 வோல்ட்டைத்தான் கொடுக்கும். அதனால் லோ வோல்டேஜுக்காகச் சார்ஜருக்கு ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை. வோல்டேஜ் குறையும்போது உங்கள் சார்ஜர் தடுமாறினால் அது சார்ஜரின் தரக் குறைவு.

உண்மையில் சார்ஜரைக் கொல்வது நியூட்ரல் அறுவது. டிரான்ஸ்பார்மரிலிருந்து கரண்ட் கொண்டுவரும் மூன்று ஃபேஸ் கம்பியும், அது திரும்பிப் போக ஒரு நியூட்ரல் கம்பியும் தெருவுக்கு வருகின்றன. ஒவ்வொரு வீடும் ஏதாவது ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இருப்பதால் 230 வோல்ட் கிடைக்கிறது. தென்னை மட்டை விழுந்தோ கம்பத்தில் கம்பிகளை இணைக்கும் ஜம்பர் காற்றில் கழன்றோ நியூட்ரல் மட்டும் அறுந்துவிட்டால், இரண்டு ஃபேஸில் உள்ள வீடுகள் ஒன்றோடொன்று தொடராக மாட்டிக்கொள்ளும். இரண்டு ஃபேஸுக்கு நடுவில் இருப்பது 400 வோல்ட்டுக்கு மேல். அதில் அதிக லோடு ஓடும் வீட்டுக்குக் குறைந்த வோல்ட், ஒரு விளக்கு மட்டும் எரியும் வீட்டுக்கு 300, 350 வோல்ட். டிவி, செட்டாப் பாக்ஸ், சார்ஜர் எல்லாம் ஒரே நொடியில் போகும்.

அறிகுறியை மனதில் வையுங்கள்: உங்கள் வீட்டு விளக்கு திடீரென்று பளீரென்று எரிகிறது, மின்விசிறி பறக்கிறது, எதிர்வீட்டில் விளக்கு மங்குகிறது. அந்தக் கணமே மெயின் சுவிட்சை இறக்குங்கள். சார்ஜரைப் பிடுங்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். பிறகு லைன்மேனுக்குச் சொல்லுங்கள், அல்லது மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அழையுங்கள். கம்பத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. ஸ்பைக் கார்டு இடிமின்னலின் நொடிநேரத் துள்ளலை ஓரளவு வாங்கிக்கொள்ளும். நிமிடக்கணக்கில் நிற்கும் 350 வோல்ட்டைத் தாங்காது.

கரண்ட் போய் வரும்போதும் ஒரு பழக்கம் வேண்டும். கரண்ட் போனதும் சார்ஜர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்துப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கோடை இடியிலும் மேகம் திரண்டு இடி தொடங்கும் முன்பே பிளக்கைக் கையால் பிடுங்கி வையுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் மின்னலுக்குப் போதாது. சுவர் ஓதம் ஏறிய பழைய வீடுகளில் சுவிட்ச்போர்டு ஈரமாகவே இருக்கும். அந்தப் பாயிண்ட்டில் சார்ஜ் போடாதீர்கள். மின்கசிவு வந்தால் தானாகவே கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயினில் மாட்டுவது போனை விட உங்களைக் காப்பாற்றும் செலவு.

பிளக் பாயிண்ட் தளர்ந்து, சார்ஜர் தொங்கி, "சர்" என்று சத்தம் வந்தால் உள்ளே பொறி பறக்கிறது என்று பொருள். இருபது முப்பது ரூபாய் சாக்கெட்டை எலெக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள். பெட்டித் துண்டைச் செருகி முட்டுக் கொடுப்பது தீப்பிடிக்க வழி.

செலவைப் பற்றி ஒரு வரி: ஒரு முழுச் சார்ஜுக்குச் சுமார் 25 வாட்-மணி ஆகும். ஒரு யூனிட்டில் 40 தடவை போனை நிரப்பலாம். போன் சார்ஜை மிச்சம் பிடித்துக் கரண்ட் பில் குறையாது.

சூடு

லித்தியம் பேட்டரிக்கு ஏற்ற வெப்பம் மனிதருக்கு ஏற்றதுதான். 45 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான போன்கள் சார்ஜைக் குறைக்கும், அல்லது நிறுத்திவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் இரண்டு மணிக்குப் பம்புசெட் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால், சார்ஜ் போடாமலே போன் அந்தச் சூட்டை நெருங்கிவிடும். அப்போது சார்ஜ் ஏறாமல் நின்றால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பொருள்.

செய்ய வேண்டியது எளிது. பின்னட்டைக் கவரைக் கழற்றுங்கள். சிமெண்ட் தரையிலோ டைல்ஸிலோ வையுங்கள். மெத்தை, தலையணை, வைக்கோல் மேல் வேண்டாம். கோடையில் சார்ஜை விடியற்காலைக்கோ இரவுக்கோ மாற்றுங்கள். சார்ஜில் இருக்கும்போது வீடியோ, ஹாட்ஸ்பாட் வேண்டாம். வயல்காட்டில் டவர் ஒரு கோடுதான் கிடைக்கிறது என்றால் போன் டவரைத் தேடித் தேடிச் சூடாகும். சார்ஜ் ஏறும்வரை ஏரோப்ளேன் மோடில் போட்டால் வேகமாகவும் ஏறும், சூடும் குறையும். கொதிக்கிற போனை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் உள்ளே பனித்துளி கட்டி போர்டை நனைக்கும்.

சார்ஜ் பின்: தூசு, தவிடு, களிம்பு

பையில் இருக்கும் போனின் பின்னுக்குள் துணி நூல் சேரும். களத்தில் நெல் தூற்றும் நாட்களில் சுணையும் தூசும் சேரும். ஒவ்வொரு முறை கேபிளைச் சொருகும்போதும் அது உள்ளே அமுங்கி, ஒரு கட்டியாகி, கேபிள் முழுதாக உட்காராது. கேபிளைச் சொருகியதும் "டக்" என்று பிடிக்கவில்லை, லேசாக இழுத்தாலே வந்துவிடுகிறது, ஒரு பக்கம் வளைத்துப் பிடித்தால்தான் ஏறுகிறது என்றால் முதலில் இதைச் சுத்தம் செய்யுங்கள்.

போனை அணைத்துவிடுங்கள். நன்றாக உலர்ந்த ஈர்க்குச்சியையோ பல்குச்சியையோ பிளேடால் அரை மில்லிமீட்டருக்குச் சீவிக்கொள்ளுங்கள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பின்னுக்குள் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு தெரியும். அதன் மேலும் கீழும் உள்ள இடுக்கில் குச்சியை நுழைத்து, ஆழத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கோருங்கள். நாக்கை நெம்பக்கூடாது, அது முறிந்தால் பின்னையே மாற்ற வேண்டும். ஊக்கு, ஊசி, சிம் எடுக்கும் கம்பி எதுவும் கூடாது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை ஒன்று வெளியே வரும்போது, இத்தனை நாள் பேட்டரியைத் திட்டியது தவறு என்று தெரியும்.

கடலோரத்தில், நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் இன்னொரு எதிரி உண்டு. உப்புக் காற்றின் ஈரம் பின்னின் மெல்லிய தங்கப் பூச்சு தேய்ந்த இடங்களில் புகுந்து, அடியில் உள்ள செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும், செம்புப் பாத்திரத்தில் பிடிக்குமே, அதே களிம்பு. ஈரமான பின்னில் சார்ஜ் போடும்போது இது பல மடங்கு வேகமாக நடக்கும். மீன் இறங்குதளம், உப்பளம், இறால் குட்டை இவற்றில் வேலை செய்பவர்கள் சார்ஜ் பின்னுக்கு ரப்பர் மூடி போட்டுக்கொள்வது நல்லது. களிம்பு தெரிந்தால் சர்வீஸ் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துத் தருவார்கள். கை கழுவும் சானிடைசர் அதற்குப் பதில் ஆகாது; அதில் இருக்கும் கிளிசரின் பிசுபிசுப்பாக உள்ளே தங்கும்.

போன் நனைந்துவிட்டால், சார்ஜில் இருந்தால் முதலில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிறகு கேபிளைக் கழற்றுங்கள். போனை அணைத்து, சார்ஜ் பின் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டுங்கள். துணியால் துடைத்து, சார்ஜ் பின் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பது நம் ஊரில் எல்லோரும் செய்வது. அரிசி போனுக்குள் இருக்கும் ஈரத்தை இழுப்பதில்லை. அதன் மாவும் தவிடும்தான் பின்னுக்குள் போய் ஈரத்தோடு சேர்ந்து பசையாகும். ஈரம் இருக்கிறது என்று போன் காட்டும் எச்சரிக்கை மறையும்வரை சார்ஜ் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் விழுந்த போனைக் காய வைத்துக் காத்திருக்காமல் அன்றே திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள்.

சுத்தம் செய்தும், கேபிள், சார்ஜர், பிளக் பாயிண்ட் மூன்றையும் மாற்றிப் பார்த்தும் ஏறவில்லையென்றால், பெரும்பாலான குறைந்த விலை போன்களில் சார்ஜ் பின் தனியாக ஒரு சின்ன சப் போர்டில் இருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும், சில நூறு ரூபாயில் முடியும். "மதர்போர்டு போச்சு" என்று கடையில் சொன்னால், சப் போர்டை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

தினசரிப் பழக்கம்

20க்குக் கீழே போகவிடாமல், 80, 85ல் எடுத்துவிட்டால் பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும். சாம்சங் உள்பட பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பேட்டரி செட்டிங்கில் இருக்கிறது. ஆனால் இதற்காக மனம் உளைய வேண்டாம். நாள் முழுக்க வெளியே போகும் நாளில் 100 வரை ஏற்றுவது தவறில்லை. புது போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், அடிக்கடி முழுக்க அணைய விட்டு ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பேச்சு.

புயல் நாட்களுக்கு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தபின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு பவர் பேங்க் வாங்கி நிரப்பி வைப்பது அதனால்தான் அவசியம்.

10000 எம்.ஏ.எச். என்று அட்டையில் இருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு மாற்றி, கேபிள் தாண்டி, போனுக்குள் போய்ச் சேருவது 28 வாட்-மணி அளவுதான். 5000 எம்.ஏ.எச். போனை ஒன்றரை முறை நிரப்பலாம், இரண்டு முறை அல்ல. 20000 என்றால் மூன்று முறை. ரேட்டட் கெப்பாசிட்டி என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் எண்தான் நம்பத்தக்கது. வருடம் முழுக்கச் சும்மா இருக்கும் பவர் பேங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதிக்கு மேல் ஏற்றி வையுங்கள். முழுக்கக் காலியாக விட்டால் செல் செத்துப்போகும்.

டிராக்டர், கார் பேட்டரியிலிருந்து எடுக்க 12 வோல்ட் லைட்டர் சார்ஜர் போதும். நேரடியாக வயர் இழுத்துப் போனில் கொடுக்காதீர்கள். ஜெனரேட்டரில் போடுவதாக இருந்தால், முதலில் ஜெனரேட்டரை ஓட்டி, சத்தம் சீரான பிறகு சார்ஜரைச் சொருகுங்கள். நிறுத்தும் முன் கழற்றுங்கள். இன்ஜின் சீறும்போது வோல்ட்டும் சேர்ந்து எகிறும்.

பேட்டரி உப்பினால்

பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது, திரை ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது, மேசையில் வைத்தால் போன் பம்பரம் போலச் சுற்றுகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே சார்ஜை நிறுத்துங்கள். அழுத்தி மூடாதீர்கள், குத்திக் காற்றைப் பிடுங்கலாம் என்று நினைக்காதீர்கள். பாதிக்குமேல் உலர்ந்த மணல் உள்ள மண்சட்டியில் வைத்து, வைக்கோல், விறகு, கேஸ் எதுவும் இல்லாத வெளித்திண்ணையில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கடைக்குக் கொண்டுபோகும்போது சட்டைப் பையில் போடாமல் அந்தச் சட்டியோடே கொண்டுபோங்கள். புதிதாகப் போடும் பேட்டரியில் போனின் மாடல் எண்ணும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழையதை அங்கேயே மின்கழிவில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தெருக் குப்பையில் போட்டால் யாரோ குப்பைக்குத் தீ வைக்கும்போது அது வெடிக்கும்.